இடது கை விலகியபோது

அரைக்கரண்டியின் தட்டில் அவர் போடாத கறித்துண்டு ஒன்று கிடந்தது.

தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க, யார் தட்டிலும் முழுக் கரண்டி விழாமல் பார்த்துக்கொண்டதற்குத் தெரு கொடுத்த பட்டம்தான் 'அரைக்கரண்டி'. பெண்டாட்டிகூட அவர் மிச்சம் வைத்ததை அடுப்படியில் நின்றபடி தின்றுதான் போய்ச் சேர்ந்தாள். தனிக்கட்டையான பிறகும் சாப்பிடும்போது மனிதரின் இடது கை தட்டைச் சுற்றி வளைந்தே இருக்கும். பிடுங்க யார் வரப்போகிறார்களாம்?

காவலுக்கு வாங்கிய நாய்க்குட்டியும் அவருக்கேற்ற மாதிரியே வாய்த்திருந்தது. கிண்ணத்தருகே போனால் உறுமும். அவர் பிடுங்கப் போக, விரலைக் கவ்வியது. நாலு நாய் வளர்த்த எதிர்வீட்டு அம்மாவுக்கு வேடிக்கை பார்த்துத் தாங்கவில்லை.

"பிடுங்காதீங்கண்ணே. 'ச்சு'ன்னு சத்தம் குடுத்து, அது தின்னுறதைவிட நல்லதா ஒண்ணு போட்டுட்டு வந்துடுங்க."

"நாய்க்கு நான் சர்வரா?"

"கேன்டீன்ல மட்டும் ராஜாவாவா இருந்தீங்க? பழகிட்டா கிண்ணத்தை எடுக்கலாம். வாயில இருக்கிறதையே எடுக்கலாம். உறுமாது."

போட்டார். நகத்தளவு, வயிறெரிந்து. அதற்கே குட்டி பழகிவிட்டது. 'ச்சு' என்றால் வாயை எடுத்து, விலகி உட்கார்ந்து, வாலாட்டியது.

இப்போது இந்தக் கறித்துண்டு. கதவு தாழிட்டிருந்தது. ஜன்னலும். புத்தியுள்ளவன் தூக்கி எறிந்திருப்பான். அரைக்கரண்டி மோந்து பார்த்தார்; சூடாக, நெய் மினுக்க இருந்தது. ஓசியில் வந்ததை விடுகிற ஜென்மமா? தின்றார்.

மறுநாள் முட்டை. அதற்கடுத்து முள் நீக்கிய மீன். ஒவ்வொரு முறையும், வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் ஈரத்துணி நாற்றம் அறைக்குள் மெல்லப் பரவும். வெறுங்கால் ஒன்று தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை முதுகுக்குப் பின்னால் நெருங்கி வரும். குட்டி அவருடைய தோளுக்கு மேலே எதையோ பார்த்து வாலாட்டும். திரும்பினால் சுண்ணாம்பு உரிந்த சுவர்தான். பிறகு காதோரம், 'ச்சு'.

"யாருடா அது?" என்று தட்டை அணைத்துக்கொண்டு கத்தினார். தொண்டையிலிருந்து வந்தது பேச்சாக இல்லை, உறுமலாக இருந்தது. மணிக்கட்டின்மேல் ஒரு துண்டு விழுந்தது. அதையும் தின்றார்.

காலையில் எதிர்வீட்டுக்கு ஓடினார்.

"என் வீட்ல என்னமோ இருக்கும்மா. தட்டுல கறி போடுது."

"போடுதா? எங்க வீட்டுக்கும் ஒரு நடை வரச் சொல்லுங்கண்ணே!" விழுந்து விழுந்து சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "சரி, பயமாயிருந்தா ஒரு குரல் குடுங்க. ஓடி வரேன்."

கறி விழுவதுகூட அவருக்குப் பெரிதில்லை. முந்தின இரவு கடைசியாக 'ச்சு' கேட்டதும் அவருடைய இடது கை தட்டைவிட்டுத் தானாக விலகியதே, அதை அவளிடம் சொல்லக் கூசியது. இன்று விலகக்கூடாது. தட்டை இறுகப் பிடிக்க வேண்டும். கத்த வேண்டும். எதிர்ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.

அந்தி சாய்ந்ததும் விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

ஈரத்துணி நாற்றம்.

ஒட்டி ஒட்டிப் பிரியும் கால்.

குட்டி தன் கிண்ணத்தைவிட்டு விலகியது. உட்கார்ந்தது. வாலாட்டியது.

'ச்சு'.

கை விலகியது.

தட்டு மேலே போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூப்பிடு தூரம். கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே காத்திருந்தது.

விரல்கள் வந்தன. ஊறிப்போன, குளிர்ந்த விரல்கள். உதட்டை விலக்கின. மென்ற சோற்றைத் தொடவில்லை. அதைத் தாண்டிப் போய் நாக்கைப் பிடித்தன.

அவர் உறுமவில்லை.

இன்னொரு கை தலையைத் தடவிக் கொடுத்தது.