நூற்றெண்பத்திரண்டாவது நாள்

ட்ரிங்... ட்ரிங்...

சங்கமித்ரா ரிசீவரை எடுத்தாள்.

"உன் பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு!"

ஒக்கலிபுரம் எஸ்.டி.டி. பூத்தில் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மிரட்டியவன் ரவிக்குமார். ஆட்டோ டிரைவர். போனை எடுத்தவளின் சொந்தப் புருஷன்!

"யார்றா நீ? பணம் வேணுமா?"

"பணம் வேணாம்... நாளைக்கு சாயங்காலம் தானா வீடு வந்து சேரும்!"

டக்கென்று வைத்துவிட்டான். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் பூத்தை விட்டு ஓடினான். பாவம், தொழிலுக்குப் புதுசு!

விஷயம் இதுதான். சங்கமித்ரா எட்டு வருஷமாக மஸ்கட்டில் நர்ஸ். ஒரு ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஆறு மாத லீவு. அக்டோபர் ஒன்றாம் தேதி வந்தாள். இன்று 1999 மார்ச் முப்பது. நூற்றெண்பத்தோராவது நாள். சாயங்காலம் நாலு மணிக்கு விமானம்.

இன்னும் ஒரே ஒரு நாள் தங்கினால் போதும்... வருமான வரிக் கணக்கில் அவள் இந்தியாவில் வசிப்பவள். மஸ்கட் சம்பளத்துக்கும் இங்கே வரி! ஆடிட்டர் கோதண்டராமன் சொன்னதை ரவிக்குமார் தன் காதாலேயே கேட்டான். சம்பளத்தில் பெரிய பங்கு வரியாகப் போனால் மித்ரா வெறுத்துப்போய் வேலையையே விட்டுவிடுவாள் என்று நம்பினான். அவள் இல்லாத வீடு அவனுக்குப் பிடிக்கவே இல்லை.

அப்பாவி முகத்தோடு ஸ்ரீராம்புரம் வீட்டுக்குள் நுழைந்தான்.

உள்ளே... காக்கி! சங்கமித்ரா போன் போட்டு வரவழைத்த சப்-இன்ஸ்பெக்டர் வனஜா!

"வாய்யா. பீரோ உடையல. பணம் கேக்கல. ஒரு நாள் மட்டும் கேக்கறான். என்ன திருடன்யா இவன்?"

"நானும் அதான் யோசிக்கிறேன் மேடம்..."

"ஒரு நாள் லேட்டா போனா உன் சம்சாரத்துக்கு என்ன நஷ்டம்?"

"நாளைக்கு நூத்தி எண்பத்திரண்டு ஆயிடும்ல மேடம்! வந்த நாளையும் சேத்து எண்ணணும்!"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஹௌதா? அப்படியா? மீட்டருக்கு மேல எவ்ளோன்னு மட்டும்தான் ஆட்டோக்காரங்களுக்குக் கணக்கு வரும்னு நெனச்சேன்!" வனஜா லத்தியால் மேஜையைத் தட்டினாள். "எங்கய்யா பாஸ்போர்ட்?"

"ஆட்டோ சீட்டுக்கு அடியில..."

"அடப்பாவி மனுஷா!" சங்கமித்ரா அலறினாள்.

"மறுபடி ரெண்டு வருஷம் என்னால முடியாது மித்ரா..." அவன் அவள் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"ஆடிட்டர் பேசிட்டிருக்கும்போது பாதியில எங்க ஓடினீங்க?"

"நோ பார்க்கிங்ல ட்ராஃபிக் போலீஸ் ஆட்டோவை..."

"மீதியை நான் கேட்டேன். என்னை மாதிரி இத்தனை வருஷம் வெளிய இருந்தவங்களுக்கு, நாள் கூடினாலும் அங்க வாங்கின சம்பளத்துக்கு உடனே வரி கிடையாதாம்!"

ரவிக்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப... இன்னிக்கே போகணும்னு எதுக்கு இந்தத் துடி துடிக்கறே?"

சங்கமித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புது கான்ட்ராக்டுல கையெழுத்து போட்டாச்சு. வேணாம்னா முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள நேர்ல போய் எழுதிக் குடுக்கணும். என் சர்ட்டிபிகேட்டெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க கையில! ஒரு நாள் தவறினாலும் இன்னும் ரெண்டு வருஷம் கட்டாயம்! வேலையை விட்டுட்டு, பத்தே நாள்ல உங்ககிட்ட வந்துடலாம்னு இருந்தேன்யா!"

ரவிக்குமார் அடுத்த நொடி ஆட்டோவில் இருந்தான்!

பின்சீட்டில் சங்கமித்ராவுக்குப் பக்கத்தில் வனஜாவும் ஏறிக்கொண்டாள்.

"ஏர்போர்ட்டுக்கு விடுய்யா! வழியில பஞ்சர்னு எங்கயாவது நிறுத்தினே... அதையும் கடத்தல் கேஸ்ல சேத்துடுவேன்!"