மிஞ்சிய கல்

பிற்பகலில் பொறியாளர் வேனை விட்டு இறங்கியபோது, கோயில் கருவறையின் பின்சுவர் முழுதாய் எழுந்து நின்றது. சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய பழைய சுவர். சாய்ந்துபோயிருந்ததால் ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி, பிரித்து, அதே வரிசையில் திரும்ப அடுக்கியிருந்தார்கள். எண் எழுதியவன் பொறியாளரான அவளுடைய தம்பி.

சுவரில் ஒரு நகம் நுழைய இடமில்லை. ஆனால் கீழே ஆள் பருமனுக்கு ஒரு கல் மிஞ்சிக் கிடந்தது.

தம்பி தூங்கி வழிந்துகொண்டே எண் போட்டிருப்பான் என்று மேஸ்திரி சிரித்தார். மனிதருக்கு எதற்கும் சிரிப்புதான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எண் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கல் சுவரின் நடுவயிற்றில் இருக்க வேண்டியது. அது இல்லாமல் மேல்வரிசை எதன்மேல் நிற்கிறது?

தம்பி எங்கே என்று கேட்டாள். சாப்பாட்டு வேளைக்கு முன்பு சுவருக்குள் குனிந்து எண் பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவள் வௌவால் நாற்றமடிக்கும் இருட்டுக்குள் போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது.

“பிரிங்க,” என்றாள்.

“உத்தரம் உக்காந்துடும்மா,” என்று மேஸ்திரி கிசுகிசுத்தார்.

“என் தம்பி உள்ள இருக்கான். பிரிங்க.”

உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, சங்கிலி போட்டு, கல் கல்லாக இறக்கினார்கள். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவே, அந்தக் கல் இருக்க வேண்டிய குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அத்தனை பாரத்தையும் தாங்கியது எது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன்டா கத்தவில்லை என்று கேட்டாள்.

“கத்தினேன்க்கா. வாயைப் பொத்திட்டாங்க.”

யார் என்றதற்கு அவன் குழியைத் திரும்பிப் பார்த்தான்.

மிஞ்சிய கல்லை அந்தக் குழியில் இறக்கினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. சுவர் மறுபடி எழுந்தது. இந்த முறை எதுவும் மிஞ்சவில்லை. நல்லவேளை, தப்பித்தோம் என்றார் மேஸ்திரி. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வேலை எப்படியோ போகட்டும், இவனை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

வேனின் பின்னிருக்கையில் அவன் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோளில் சாய்த்துக்கொள்ளலாம் என்று அவள் அவன் பக்கம் நகர்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“தள்ளி உக்காருக்கா. அவங்க மடிமேல உக்காராத.”

அவள் குனிந்து பார்த்தாள்.

அவர்களுக்கு நடுவே இருக்கை ஆழமாக அமுங்கியிருந்தது.