போட்டு வாறன்

குருநகரில் நீக்கிலாப்பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை ஒரு கல்யாணக் கூட்டம் மாப்பிள்ளை பெண்ணோடு விருந்துண்ணப் போனது. அந்தக் கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பெண்ணின் பேத்திக்குக் கல்யாணம் பேசும் வயதாகிவிட்டது.

இதைச் சொன்னவள், ஊரில் எல்லோரும் யோசப்பின் மாமி என்று கூப்பிடுகிற கிழவி. வீட்டின் சொந்தக்காரர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு மட்டும் அவளிடம் இருந்தது. அந்தத் திறப்பும் சாமானியப்பட்டதல்ல. அதைத் தூக்க ஒரு ஆள், துளைக்குள் திருப்ப இரண்டு ஆள் வேண்டும் போல் இருந்தது.

"அவ்வளவு ருசியே மாமி, கோழிக்கறி?" என்று ஜெறோம் கேட்டான்.

"கறியில்லையடா. நீக்கிலாப்பிள்ளையர் ஆக்களைப் போக விடமாட்டார். செத்து அறுபது வருசம். இப்பவும் அப்பிடித்தான்."

"அப்ப இரவுச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்றான் ஜெறோம். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அளவுக் கணக்குப் பார்ப்பவன் அவன். அளக்க முடியாத எதையும் நம்பாதவன். பேய் இருந்தால் அதற்கும் நீளம், அகலம், உயரம் இருக்கவேண்டும் என்பது அவன் கட்சி.

அவனுடைய தங்கை லவீனாவுக்குச் சிரிக்க நேரமில்லை. கொழும்புப் பக்கம் கட்டடக்கலை படிக்கிறவள். முதலில் ஒரு வீட்டை வரையச் சொன்னார்கள்; வரைந்தாள். பிறகு ஒரு தொழிற்கூடம்; அதையும் வரைந்தாள். இரண்டுக்கும் விரிவுரையாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது, குடியிருப்பும் தொழிலும் ஊர் கூடும் இடமும் ஒரே கூரையின் கீழ் வரவேண்டும். இதிலும் சறுக்கினால் அந்த ஆண்டை இன்னொரு முறை படிக்கவேண்டும். ஊரிலேயே அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது, அதை அளந்து படித்து அதிலிருந்து தன் திட்டத்தை எடுக்கலாம் என்று நினைத்துத்தான் நல்லூரிலிருந்து அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வந்திருந்தாள்.

அன்று அடித்த வெயிலில் ஒரு கோழி றோட்டைக் கடந்திருந்தால் மற்றப் பக்கம் பொரியலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள்ளோ ஒரே குளிர். கண்ணுக்கு இருட்டுப் பழகச் சிறிது நேரம் எடுத்தது. பழைய வலைக்குப் பூசிய தாரின் வாடை, உருகிய மெழுகின் வாடை, அவற்றுக்கெல்லாம் அடியில் யாரோ இப்போதுதான் அணைத்தது போன்ற சுருட்டு வாடை.

நடுவில் ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் வலை பின்னும் சாலை, ஒரு பக்கம் குசினியும் படுக்கை அறைகளும், முன்னால் கடலைப் பார்த்த விறாந்தை. லவீனா சுற்றி வந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் புல்லரித்தது. எந்த அறையிலிருந்து கிளம்பினாலும் கூடத்தைத் தொடாமல் வெளியே போக முடியாது. வலை பின்னுகிறவன், சமைக்கிறவள், வழக்குப் பேச வந்த ஊரார், எல்லோரும் கூடத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

"அண்ணை, என்ன மூளை பார். ஒருத்தரும் ஒருத்தரையும் காணாமல் போகேலாது."

"ஓமோம். கடன்காரனுக்கு ஒளிக்கேலாத வீடு. நான் சோடா வாங்கிக்கொண்டு வாறன், நீ உந்தக் கூடத்தின்ரை அளவைப் பிடி" என்று சொல்லிவிட்டு ஜெறோம் போனான்.

மோட்டார் சைக்கிள் போன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அளவு நாடாவின் நுனியை மேற்குச் சுவரில் ஒரு ஆணியில் கொழுவிவிட்டு, சுருளோடு கிழக்குச் சுவருக்கு நடந்தாள். நாடா நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"அண்ணை, நிக்கிறியே? கொஞ்சம் இழுத்துப் பிடி."

நாடா விண்ணென்று நிமிர்ந்தது.

"பிடிச்சிருக்கிறன்" என்றது இருட்டு மூலை.

அளவைக் குறித்துக்கொண்டாள். விடச் சொன்னாள். நாடா மெதுவாக, அவள் கை நோகாதபடி, வந்து சுருண்டது. அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. ஜெறோம்.

"லவீ, சந்திக் கடை பூட்டிக் கிடக்கு. அங்காலைக் கடைக்குப் போறன். நெக்டோ சோடாவோ ஒரேஞ்சோ?"

மேற்கு மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் ஓடியிருக்கலாம். வேறு ஊர்ப் பிள்ளை என்றால் ஓடியே இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை, பேயின் வீடானாலும் சொல்லிக்கொள்ளாமல் வெளிக்கிடாது. பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தவளின் வாய், அவளைக் கேட்காமலே, போய்விட்டு வருகிறேன் என்கிற வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டது.

"போட்டு வாறன்."

"ஓம், வாங்கோ."

கோயிலில் மத்தியான மணி அடிக்கத் தொடங்கியது. அவள் திரும்பி, படியைத் தாண்டி, வெயிலுக்குள் காலை வைத்தாள்.

கால் குளிர்ந்த தரையில் பட்டது.

அவள் கூடத்தில் நின்றாள். வாசல் அவளுக்கு எதிரே, தூரத்தில், வெள்ளை வெளேரென்று திறந்திருந்தது. வெறுமையாய்க் கிடந்த கூடத்தின் நடுவில் இப்போது உட்கார ஒரு கதிரை. அவளைப் பார்த்தபடி.

தலைசுற்று என்று நினைத்தாள். வெயிலின் வேலை. மறுபடி வாசலுக்கு நடந்தாள், படியைத் தாண்டினாள்.

மணி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கியது.

கூடம். கதிரைக்குப் பக்கத்தில் கால் கழுவ ஒரு செம்புத் தண்ணீர். தண்ணீர் இன்னும் ஆடி அடங்கவில்லை.

குசினிக்குள் ஓடினாள். பின்கதவால் கிணற்றடிக்குப் பாய்ந்தாள். கூடம். மணி. கதிரையின் கையில், கால் துடைக்க மடித்துவைத்த துவாய்.

வலைச் சாலையின் யன்னலில் ஏறினாள். கம்பியில் சட்டை கிழிந்தது. கீழே குதித்தால் மணல் இருக்கவேண்டும். மணலை யன்னலால் பார்த்தாள், ஒரு நாய் படுத்திருப்பதையும் பார்த்தாள். குதித்தாள்.

கூடம்.

மணி.

ஒரு சாப்பாட்டுக் கோப்பை, கவிழ்த்தபடி.

"அண்ணை" என்று கத்தினாள். வெளியே ஒருவன் மீன் விற்றுக்கொண்டு போகும் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் குரல் மட்டும் சுவரைத் தாண்டவில்லை. கைபேசியில் ஒரு கோடும் இல்லை. யோசப்பின் மாமியின் கல்யாணக் கூட்டம் வாசலைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் இன்னொரு கறிக்கும் சொதிக்கும் கூடத்துக்கே திரும்பியிருக்குமா, இரண்டாவது தலைமுறை இந்தக் கூடத்தில்தான் தவழ்ந்திருக்குமா என்றெல்லாம் அவள் மனம் கண்டபடி ஓடியது.

அடுத்த முறை வாசலால் போய் வந்தபோது, பாய் விரித்திருந்தது.

புதுப்பாய். வெள்ளை உறை போட்ட தலையணை. தலையணையில் ஒரு பள்ளம், அவள் தலையின் அளவில்.

சுருட்டு வாடை இப்போது அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

அவள் அசையவில்லை. அசைந்தால் பாயில் காலை வைத்துவிடுவாள் போலிருந்தது. அளவெடுக்கப் பழகிய மூளை அந்த நேரத்திலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வாசலில் பிழையில்லை. யன்னலில் பிழையில்லை. அவள் ஒவ்வொரு முறையும் வெளியே போயிருக்கிறாள். போய், வந்திருக்கிறாள்.

சொன்னபடி.

நீக்கிலாப்பிள்ளையர் விருந்தாளியின் வாக்கை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிற மனிதர்.

அப்படியென்றால் சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்று. ஆனால் அந்தச் சொல்லை அவள் பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் சொன்னதில்லை. சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகும்போது வாய் தவறிச் சொன்னதற்கு அம்மா வாயிலேயே போட்டிருக்கிறாள். திரும்பி வராதவர்கள் சொல்லும் சொல். செத்த வீட்டில்கூட அதைச் சொல்ல ஆள் கூசும்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"போறன்" என்றாள்.

பாதி மணியில் மணி நின்றது.

கடலும் நின்றது போல் இருந்தது. பிறகு கதிரை தரையில் உரசும் சத்தம், ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற பெருமூச்சு. காதோரம், மிகவும் மரியாதையான ஒரு குரல்.

"அப்ப நான் வாறன்."

லவீனாவுக்குப் போன உயிர் திரும்பியது. எல்லோரும் விடைபெறும்போது சொல்கிற வார்த்தைதானே. மனிதர் விடை தந்துவிட்டார். அவள் ஓடினாள். படி, விறாந்தை, வெயில், மணல். முகத்தில் அனல் அடித்தபோது அழுதேவிட்டாள்.

ஜெறோம் கேற்றடியில் நின்றான். கையில் இருந்த சோடாப் போத்தல் இன்னும் குளிரில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி, பேய் துரத்தினதே?"

நடந்ததை அழுகைக்குள் சொன்னாள். அவன் கிழிந்த சட்டையைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், சிரித்தான். "வெறும் வயித்தோடை வந்தால் உப்பிடித்தான். ஏறு."

வழியெல்லாம் அவள் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு சந்தியில் பொலிஸ்காரன் மறித்ததும், ஜெறோம் இறங்கிப் போய்க் கதைத்ததும், லைசன்ஸ் பார்க்கத்தான் என்று வந்து சொன்னதும் அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஜெறோம் அவளை விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், "நீக்கிலாப்பிள்ளையருக்கு ஒரு கோப்பை போடு" என்பான். யோசப்பின் மாமியைக் கண்டால், "உங்கடை கல்யாணக் கூட்டத்திலை என்ரை தங்கச்சியும் சேந்திட்டாள்" என்பான். லவீனா வரைந்தாள். அவளுடைய திட்டத்தில் ஒவ்வொரு அறைக்கும் தெருப்பக்கம் ஒரு கதவு, முற்றத்துக்கு ஒரு கதவு, போதாதென்று இன்னொரு கதவு. மீன் சந்தைக்கே அவ்வளவு வாசல் இல்லை.

ஆனால் விரிவுரையாளர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பழைய வீட்டின் அளவுப்படம் முழுமையாக இல்லாமல் திட்டத்தை ஏற்கமாட்டார்களாம். கூடத்தின் ஒரு பக்கத்தைத் தவிர அவள் ஒன்றும் அளக்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் அளவு நாடாவை ஜெறோமின் முன்னால் வைத்தாள்.

"நான் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டன். வருசம் போனால் போகட்டும். இருந்து படிக்கிறன்."

அவன் பகிடி விடுவான் என்று காத்திருந்தாள். அவன் நாடாவை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"வருசத்தை விடாதை" என்றான். "போய் அள. பயப்பிடத் தேவையில்லை. அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை."

"ஒண்டும் நடக்கேல்லை எண்டுதானே நீ சொல்லிக்கொண்டு நிண்டனி."

"நடந்தது."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அண்டைக்குப் பொலிஸ்காரன் லைசன்ஸ் கேக்கேல்லை, லவீ. மோட்டச்சைக்கிள்ளை மூண்டு பேர் போகேலாது, கடைசியா இருக்கிற ஐயாவை இறக்கு எண்டான். நான் திரும்பிப் பாத்தன். நீ மட்டும்தான் இருந்தனி. அவன் உன்ரை முதுகுப் பக்கமாப் பாத்துத் தலையாட்டினான். சரி, வயசு போன மனுசன், மெல்லமாக் கொண்டு போ எண்டு விட்டிட்டான்."

"அண்ணை, பகிடி விடாதை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன், பொலிஸ்காரன் பகிடி விடுறான் எண்டு." அவன் குரல் தாழ்ந்தது. "எங்கடை வாசல்லை நீ இறங்கி உள்ளை போட்டாய். மோட்டச்சைக்கிள் எழும்பேல்லை. பின்னாலை ஆள் இருக்கிற மாதிரிப் பின்சில்லு அமந்தபடியே நிண்டது. நான் காலை ஊண்டிக்கொண்டு, திரும்பிப் பாக்காமல் இருந்தன். கொஞ்சம் பொறுத்துத்தான், ஆரோ இறங்கி உள்ளை போனாப் போலை, எழும்பினது."