ஒரு ரூமுக்கு ஒரு ஸ்ப்ரே மிஷின்

இந்தக் காலத்தில் பிரஷ் பிடித்துச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன் மனித நாகரிகத்துக்குத் துரோகம் செய்கிறான்.

காலையில் அப்பாவிடம் சொன்ன இதே வாக்கியத்தை, பெயின்ட் கடையில் மிஷின் வாடகைக்கு விடும் கவுன்டரில் நின்று, கொஞ்சமும் சிரிக்காமல் மறுபடி சொன்னான் அவன். பல் தேய்க்கவே பேட்டரி போடுபவன். நண்பர்கள் அவனை மிஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை அவன் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கவுன்டரில் இருந்தவள் கடைக்காரரின் மகள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது... அவள் மெல்ல நிமிர்ந்தாள். அந்தக் கண்களைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம், இங்கே இடமில்லை. இரண்டும் பெரியவை. இரண்டும் அவனை நம்பவில்லை.

ஸ்ப்ரே மிஷின் கேட்டு யார் வந்தாலும் அவள் மூன்று கேள்விகள் கேட்பாள். எத்தனை ரூம், உள்ளே சாமான் இருக்கிறதா, ஜன்னல் எத்தனை. ஒரே ரூம்தான் என்றான். கட்டில், சுவரலமாரி, ஜன்னல் இரண்டு. வெள்ளிக்கிழமை அக்கா கைக்குழந்தையோடு வருகிறாள், புதனுக்குள் அடித்து முடித்தால்தான் வாடை போகும் என்பதையும் சொன்னான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெயின்டரைக் கூப்பிடப்போன அப்பாவைத் தடுத்து, ஒரு மணி நேர வேலை என்று சவால் விட்டவன் அவன்தான். ரூம் தயாராகாவிட்டால் அக்கா வரமாட்டாள். அவளை அனுப்பாமலிருக்க அவள் கணவர், அதாவது மாமா, ஏற்கெனவே ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்கு மிஷின் வேணாம்," என்றாள்.

காலி வீடு, காம்பவுண்டுச் சுவர், கம்பி கேட் என்றால் அதைப்போல வராது. ஒரு ரூமுக்கு, எல்லாவற்றையும் மூடி டேப் ஒட்டவே ஒரு நாள் போகும். அடிக்க அரை மணி, கழுவ ஒரு மணி. ரோலரும் ஓரத்துக்கு ஒரு சின்ன பிரஷ்ஷும் வாங்கினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

"ஆதிமனுஷன்தாங்க குகையில கையால அடிச்சிட்டிருந்தான்."

"அது இன்னும் உரியலையே..."

அதற்குப் பிறகு ரோலர் வாங்கினால் மானம் என்னாவது? மிஷினையே எடுத்தான். எப்படி அடிப்பது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவன் அவளுடைய இமைகளைக் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதில் கடைசி வரிதான் முக்கியம். அதுதான் அவன் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கட்டிலுக்குப் போர்வை போர்த்தி, ஜன்னலுக்குப் பேருக்கு டேப் ஒட்டி, அடிக்க அடிக்கவே காய்ந்துவிடட்டும் என்று ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு விசையை அழுத்தினான். வானநீலம் புகையாகக் கிளம்பி அறை முழுக்கச் சுற்றியது. போர்வை, அலமாரி, நிலைக்கண்ணாடி, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த அப்பாவின் மீசை எல்லாம் நீலமாகின. மிச்சம் சுவருக்குப் போய் அங்கங்கே வழிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகனை எஞ்சினியரிங் படிக்க வைத்தவர்களுக்குத் தானாக வரும் மௌனம் அது.

சாயங்காலம் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மறுபடி தூறல். ரூம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம் என்றான்.

அவள் கையை நீட்டினாள். "கண்ணாடிய குடுங்க."

மூக்குக்கண்ணாடி முழுக்க நீலப் பொட்டுகள். துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் ஒரு கலங்கல் மட்டுமே... அந்தத் தைரியத்தில் வாய் திறந்தான்.

"ஃபேன் போட்டுட்டேன்."

"அஞ்சுலயா?"

"அஞ்சுல."

கவுன்டருக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது கையில் ஒரு ரோலர், ஒரு பிரஷ், கண்ணில் சிரித்த ஈரம். வழிந்த இடத்தைத் தேய்த்துவிட்டு அடித்தால் நாளைக்கே முடிந்துவிடும் என்றாள்.

"இதோட எங்க வீட்ல அடிக்க வேற ரூம் இல்லைங்க," என்றான். "ஆனாலும் நாளான்னிக்கு வருவேன். ஏன்னு கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன்."

அவள் கண்ணாடியை அவன் கையில் வைத்தாள்.

"ஏன்?"

சொன்னான். அதில் பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அவள் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றினாள்... சுற்றியதையே மறுபடி சுற்றினாள்.

"சனிக்கிழமை எங்கப்பாவோட குழந்தைய பாக்க வர்றேன். ஜன்னல் ஓரம் நேரா இருக்கான்னு பாத்துட்டு பதில் சொல்றேன்."

புதன்கிழமை. மாமா வேறு வழியில்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டதாக அக்கா போன் செய்தாள். அதைச் சொல்ல அப்பா அறைக்கு வந்தார். ஜன்னலருகே முழங்காலிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் விரலளவு விரலளவாக ஓரம் அடித்துக்கொண்டிருந்தான் மகன்.

நாகரிகம் என்னாயிற்று என்று விசாரித்தார் அப்பா.

ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தது.