முதுகெலும்பைத் தாண்டாத கொப்புளங்கள்

1996 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை காலை 7.10. மயிலாப்பூர் மாடவீதி வீட்டில் ஐம்பத்தெட்டு வயது வீணை டீச்சர் ஹம்சா படுக்கையில் உட்கார்ந்தபடியே அலறினார். மகன் பரத்வாஜ் ஓடிவந்தான். அம்மாவின் வலது முதுகு கொப்புளம் கொப்புளமாக வெந்துபோயிருந்தது.

7.45. இன்ஸ்பெக்டர் அய்யாதுரை வந்துவிட்டார். கூடத்து மூலையில் புஷ்பம் அழுதுகொண்டிருந்தாள். முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன ஹம்சாவை எழுப்பி, குளிப்பாட்டி, தைலம் தேய்ப்பது அவள் வேலை.

"நேத்து காலைல இவளை இந்த மாசத்தோட வேலையை விட்டு நிக்கச் சொன்னேன் சார். சாயங்காலம் தைலத்துல பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து தேய்ச்சிருக்கா. இதோ அம்மா போட்டுண்டிருந்த ரவிக்கை," என்று நீட்டினான் பரத்வாஜ். முதுகுப்பக்கம் முழுக்க, இடதும் வலதுமாகத் தைலக்கறை.

"என் கையைப் பாரு சார். ஒரு கொப்புளம் கீதா?" என்று புஷ்பம் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"துணியில நனைச்சுத் தேய்ச்சிருப்பா சார்."

வாசலில் ஜீப் தயார். காயத்துக்குச் சான்று எழுத ராயப்பேட்டையிலிருந்து டாக்டர் நஸ்ருன்னிசா வந்தார். அவர் 'ஆசிட்' என்று எழுதினால் போதும், புஷ்பம் ஜெயிலுக்குப் போவாள். ஆனால் அந்த அம்மாள் பேனாவையே திறக்கவில்லை. அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் போலீஸ்காரர்களுக்கே வேர்க்கும்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது மாமி?"

"செவ்வாய்க்கிழமை. நெருப்பு வெச்சாப்பல."

"கொப்புளம்?"

"இன்னிக்குத்தான்."

"மூணு நாள் ஏன் சொல்லலை?"

"எனக்கு வலிக்காத நாள் எது டாக்டர்? இதுவும் வாதம்தான்னு நெனைச்சுண்டேன். அதான் நேத்து முதுகு பூரா தேய்க்கச் சொன்னேன்."

"வாதத்துக்கு என்ன மாத்திரை?"

பரத்வாஜ் மருந்துச் சீட்டைக் கொடுத்தான். ஸ்டீராய்டு.

"சின்ன வயசுல சின்னம்மை போட்டிருக்கா மாமி?"

"ஏழு வயசுல. உடம்பு பூரா."

8.20. டாக்டர் ரவிக்கையை விரித்துப் பிடித்தார்.

"தைலம் ரெண்டு பக்கமும் பட்டிருக்கு. கொப்புளம் வலது பக்கம் மட்டும். முதுகெலும்புகிட்ட கோடு போட்ட மாதிரி நின்னுடுச்சு. ஆசிட்டுக்கு அந்த எல்லை தெரியுமா? வலியோ, தைலம் தேய்க்கறதுக்கு ரெண்டு நாள் முந்தியே வந்தாச்சு."

"அப்போ யாரும்மா செஞ்சது?" என்றார் அய்யாதுரை.

"ஏழு வயசுல வந்த அம்மை. உடம்பு ஆறிடுச்சு, கிருமி சாகலை. ஒரு நரம்போட வேர்ல ஐம்பத்தோரு வருஷம் தூங்கியிருக்கு. முடக்குவாதத்துல உடம்போட எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தடுமாறிக் கிடக்கு. மாத்திரை அதை இன்னும் அடக்கி வெச்சிருக்கு. கிருமி முழிச்சு, அந்த ஒரு நரம்பு போற வழியிலேயே வந்திருக்கு. வலது பக்கத்து நரம்பு இடது பக்கம் போகாது. இது அக்கி சார்."

வேறு யாருக்காவது வந்திருந்தால் தெருவில் போகிறவரே அக்கி என்று சொல்லியிருப்பார். இங்கே சந்தேகம் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

அய்யாதுரை ஹம்சாவின் முதுகை மறுபடி குனிந்து பார்த்தார். இருபது வருட சர்வீசில், ஐம்பத்தோரு வருடம் பதுங்கியிருந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நரம்பு, தான் போகும் பாதையைத் தோல்மேல் அச்சாகக் காட்டியிருந்தது. மனித உடம்பை நினைத்து அவருக்குப் பிரமிப்பாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மருந்து இன்னிக்கே ஆரம்பிக்கணும்," என்றார் டாக்டர். "வாத மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க."

பரத்வாஜ் தரையைப் பார்த்தபடி புஷ்பத்திடம் சொன்னான். "நாளைலேருந்து வாங்கோ."

"உங்க மேல கோவம் எனக்கு இன்னும் ஆறல தம்பி," என்றாள் புஷ்பம். "ஆனா நாளைக்கின்னா எப்படி? அம்மா விடிஞ்சதுலேருந்து எழுந்துக்க முடியாம குந்திகினு கீறாங்க. பாத்ரூம் போவ வேணாம்?"

ஹம்சா அழுதுகொண்டே இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினார்.