ஜூன் முப்பதாம் தேதிச் சீட்டு

2022 ஏப்ரல் 4, திங்கட்கிழமை. காலை 10.10.

உகாதிப் பச்சடியின் புளிப்பு நாக்கை விட்டுப் போகும் முன்பே, செகந்திராபாத் மாரெட்பள்ளியின் அந்தச் சின்னக் கூட்டுறவு வங்கியில் மூன்றரைக் கோடி ரூபாய் நஷ்டம் ஒன்று காணாமல் போயிருந்தது. பணம் காணாமல் போவது ஊருலகத்தில் நடப்பதுதான். நஷ்டம் காணாமல் போனால் யாருக்குக் கசக்கும்? கண்காணிப்பு அதிகாரி ஆக்னஸுக்குக் கசந்தது. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டுமாக வந்து இறங்கினாள். கால்குலேட்டரை அவள் நம்பியதே இல்லை. விரல் தடுக்கினால் அது பொய் சொல்லிவிடும், பென்சில் சொல்லாது என்பது அவள் கட்சி.

விவகாரம் இதுதான். போன வருஷம் ஜூன் 30 அன்று வங்கி அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கியது. முகமதிப்பு ஐம்பது கோடி. கொடுத்த விலை ஐம்பத்திரண்டு கோடி. பத்து வருஷம் கழித்து, 2031 ஜூன் 30 அன்று, அரசாங்கம் திருப்பித் தரப்போவது ஐம்பது கோடி மட்டுமே.

இப்படி வாங்கும் அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும்: இது கடைசிவரை வைத்துக்கொள்ளவா, இல்லை நல்ல விலை வந்தால் விற்கவா? ‘வைத்துக்கொள்ள’ என்றால் சந்தை எப்படி ஆடினாலும் கவலையில்லை. கூடுதலாகக் கொடுத்த தொகையை மட்டும் காலாண்டுக்கு இவ்வளவு என்று சமமாகக் கழித்துக்கொண்டே வந்தால் போதும். ‘விற்க’ என்றால் மார்ச் 31 அன்று சந்தை விலையைக் காட்டி, விலை இறங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை விழுங்க வேண்டும். பந்தயம் முடிந்த பிறகு குதிரையை மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சீட்டு.

இந்தப் பத்திரத்தின் மார்ச் 31 சந்தை விலை நாற்பத்தெட்டரைக் கோடி. கம்ப்யூட்டரில் இருந்தது ‘விற்க’. மார்ச் 31 மாலை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட சீட்டில் இருந்தது ‘வைத்துக்கொள்ள’. சீட்டுதான் சரி, கம்ப்யூட்டரில் ஏற்றியவர் தவறிவிட்டார் என்றால் நஷ்டம் மாயமாகிவிடும். ஏற்றியவர் வேலையும் கூடவே மாயமாகும்.

ஏற்றியவள் புஷ்பா.

காலை 10.45.

புஷ்பாவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தவர். அவள் தமிழில் ஊர் கலந்திருந்தது. கேள்வி கேட்பதற்கு முன்பே ஒரு கடிதத்தை நீட்டினாள்.

“தப்பு என்னுதுதான் மேடம். எழுதிட்டேன்.”

“நீங்களா எழுதினீங்களா, யாரும் எழுதச் சொன்னாங்களா?”

“ராஜாராமன் சார்தான் சொன்னார். நீயே ஒத்துக்கிட்டா தண்டனை கம்மியா ஆகும்னு.”

“தப்புப் பண்ணினது ஞாபகம் இருக்கா?”

புஷ்பா இல்லையென்று தலையாட்டினாள். “நக்கோ மேடம், அதை மட்டும் கேக்காதீங்க. ஜூன் பதினொண்ணு எங்க வீட்டுக்காரர் போயிட்டார். கொரோனா. இருபத்தெட்டாம் தேதி வேலைக்கு வந்துட்டேன். வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்னு. அந்த வாரம் என்ன சாப்பிட்டேன், யார்கிட்ட பேசினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. அப்படி இருக்கறப்போ ஒரு எழுத்து மாறிப் போயிருக்காதா? மாறித்தான் இருக்கும்.”

வேலை போவதைக் காட்டிலும் பெரிதாக இவளிடமிருந்து ஏதோ போய்க்கொண்டிருக்கிறது என்று ஆக்னஸுக்குப் பட்டது. பார்வையைத் தாழ்த்தியவள், மேஜைக்கடியில் இருந்த மூன்றடுக்குக் கேரியரைப் பார்த்தாள்.

“இவ்வளவு சாப்பாடா கொண்டாறீங்க?”

“ஐயோ, அது ராஜாராமன் சாரோடது. எங்க வீட்டுக்காரர் போனப்போ பத்து நாள் சார் வீட்லேர்ந்து தான் சாப்பாடு வந்தது. கடைசி நாள் கேரியர் எங்கிட்டயே நின்னுபோச்சு. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல? சாவு வீட்லேர்ந்து என்னத்தப் போட்டுக் குடுக்கறது? குடுத்துடலாம்னு இங்க கொண்டுவந்து வெச்சேன், அப்படியே ஒன்பது மாசம் ஓடிடுச்சு.”

கடிதத்தை ஆக்னஸ் நோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

காலை 11.30.

முதலீட்டுப் பிரிவின் தலைவர் ராஜாராமன், வெளுத்த சட்டை, வெளுத்த புன்னகை. பொது மேலாளர் பதவிக்கு அடுத்த மாதம் நேர்காணல். சீட்டை ஆக்னஸ் மேஜைமேல் விரித்தாள்.

“இது உங்க கையெழுத்தா சார்?”

“கையெழுத்து மட்டுமில்ல, எழுத்தும் என்னுதுதான். அப்போ பத்திரம் வாங்கி விக்கற டீலர் போஸ்ட் காலி. நானே பூர்த்தி பண்ணி புஷ்பா கையில குடுத்தேன்.”

“என்னைக்கு?”

“வாங்கின அன்னிக்கேதான். ஜூன் முப்பது.”

“ஒரு எழுத்துகூட பிறகு சேர்க்கலையே?”

“ஒரு புள்ளிகூட இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “பாவம் மேடம் அந்தப் பொண்ணு. அப்போ அவ நிலைமையே சரியில்ல. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க.”

ஆக்னஸ் சீட்டை வரி வரியாக நோட்டில் எழுதிக்கொண்டாள். கொள்முதல் தேதி 30.6.2021. முதிர்வு 30.6.2031. நோக்கம்: வைத்துக்கொள்ள. கூடுதல் தொகை இரண்டு கோடி. கடைசி வரி: காலாண்டுக்குக் கழிக்க வேண்டியது ரூ. 5,40,541.

பகல் 12.20.

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று ராஜாராமனிடம், இன்னொன்று டீலர் தினேஷிடம். தினேஷ் ஆகஸ்டில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது.

“பயப்படாதீங்க தம்பி. இந்தக் கடைசி வரித் தொகையை எப்படிக் கணக்குப் போடுதீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“நாங்க போட மாட்டோம் மேடம், கம்ப்யூட்டர்ல ஒரு ஷீட் இருக்கு. கூடுதல் தொகையும் முதிர்வுத் தேதியும் போட்டா விடை வந்துடும். அதைப் பார்த்து சீட்டுல எழுதிடுவோம்.”

“வாங்கின தேதியைக் கேக்காதா?”

“கேக்காது மேடம். வாங்கற அன்னிக்குத்தானே சீட்டு எழுதறோம்? அன்னிக்குத் தேதியை அதுவே எடுத்துக்கும்.”

“பழைய சீட்டு ஒண்ணு இருந்ததா?”

தினேஷின் பார்வை ராஜாராமனின் அறைப் பக்கம் போய்த் திரும்பியது. “தெரியாது மேடம்.”

பாவம், அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கும். ஆக்னஸ் வற்புறுத்தவில்லை. டீயைக்கூடத் தொடாமல் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். வகுத்தல் கணக்கு போட்டாள். ஒரு தடவை போட்டது போதாதென்று இன்னொரு தடவையும் போட்டாள். பிறகு, காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

பிற்பகல் 3.30.

ராஜாராமன், தினேஷ், புஷ்பா மூவரும் அவள் எதிரே இருந்தார்கள். புஷ்பா சேரின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு சின்னக் கணக்கு,” என்றாள் ஆக்னஸ். “ஜூன் முப்பதுல வாங்கின பத்து வருஷப் பத்திரம். பத்து வருஷத்துக்கு எத்தனை காலாண்டு தம்பி?”

“நாப்பது.”

“ரெண்டு கோடியை நாப்பதால வகுத்தா?”

“அஞ்சு லட்சம்.”

“சீட்டுல என்ன இருக்கு?”

தினேஷ் படித்தான். “அஞ்சு லட்சத்து நாப்பதாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு.” படித்து முடிக்கையில் அவன் குரல் இறங்கிவிட்டது.

“இந்தத் தொகை வரணும்னா ரெண்டு கோடியை முப்பத்தேழால வகுக்கணும். பத்திரம் முடிய முப்பத்தேழு காலாண்டு பாக்கி இருந்தது என்னைக்கு? இந்த மார்ச் முப்பத்தொண்ணு அன்னைக்கு. ஜூன் முப்பதுல எழுதின சீட்டுக்கு ஒன்பது மாசம் கழிச்சுப் போட்ட கணக்கு எப்படித் தெரியும் சார்?”

ஆக்னஸ் பென்சில் முனையைச் சீட்டின் தேதிமேல் வைத்தாள்.

“மேலே தேதியை மாத்தி எழுதினீங்க. ஷீட் அன்னைக்குத் தேதியை எடுத்துக்கிட்டதை மறந்துட்டீங்க. எழுத்து உங்களுதுன்னு நீங்களே சொன்னீங்க, ஒரு புள்ளிகூடப் பிறகு சேர்க்கலைன்னும் சொன்னீங்க. அந்தச் சீட்டை எழுதினது நீங்க. எழுதினது மார்ச் முப்பத்தொண்ணு. ‘விற்க’ன்னு இருந்த நெசச் சீட்டை எடுத்ததும் நீங்கதான்.”

தினேஷ் தரையைப் பார்த்தபடியே, “நான் சேர்ந்தப்போ ஃபைல்ல ‘விற்க’ன்னுதான் பார்த்தேன் மேடம்,” என்றான். “முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

ராஜாராமன் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கடைசி வரியைப் பார்த்தார்.

“ஏறும் ஏறும்னு வித்துடாம வெச்சிருந்தேன்,” என்றார் ராஜாராமன் கடைசியில். “இறங்கிடுச்சு. இந்த நஷ்டத்தோட நேர்காணலுக்கு எப்படிப் போறது? புஷ்பாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும்னு நினைச்சேன்.”

ஆக்னஸ் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் 30-இன் பதிவுப் பக்கத்தை எடுத்து புஷ்பாவிடம் நீட்டினாள்.

“பாருங்க புஷ்பா. அன்னைக்கு நீங்க ஏத்தினது பதினாலு வரி. அத்தனையையும் பாத்துட்டேன். ஒரு தப்பு இல்ல. பத்தொன்பது நாள் துக்கத்துல உக்காந்து ஏத்தியிருக்கீங்க, கை நடுங்கலை.”

புஷ்பா விரலை ஒவ்வொரு வரியின் மேலும் வைத்துப் பார்த்தாள். பதினான்காவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது. ஒன்பது மாதமாகத் தேக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ஆக்னஸ் எழுந்து போய் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றாள்.

மாலை 4.40.

இடைநீக்க உத்தரவை வாங்கிக்கொண்டு ராஜாராமன் படியிறங்கினார். நஷ்டம் கணக்கில் ஏறிவிட்டது. வங்கிக்கு இந்த வருஷம் கொஞ்சம் மூச்சு முட்டும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். புஷ்பாவின் கடிதத்தை ஆக்னஸ் அவளிடமே கொடுத்திருந்தாள். அது நான்காகக் கிழிந்து குப்பைத் தொட்டியில் கிடந்தது.

“சார், ஒரு நிமிஷம்!”

புஷ்பா கேரியரோடு வாசலுக்கு ஓடிவந்தாள். பகலில் அவள் தொண்டையில் இறங்காத எலுமிச்சை சாதம் மேலடுக்கில் இருந்தது.

“பத்து நாள் சோறு போட்டீங்க. அதை நான் மறக்க மாட்டேன் சார். ஆனா என் புத்தி மேலயே எனக்குச் சந்தேகம் வர வெச்சீங்களே, அதையும் மறக்க மாட்டேன்.”

ராஜாராமன் கை நீளவில்லை. அவளே கேரியரை அவர் கையில் வைத்து, கைப்பிடியின் மேல் அவர் விரல்களை மடக்கிவிட்டாள்.

“வெறும் பாத்திரமா குடுக்கல. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க.”