ஆளில்லாத வீட்டின் பன்னிரண்டு படங்கள்

ரோவில் என்ற புறநகரில் ஒரு செங்கல் வீட்டின் முன்னால் சிறிதரன் காரை நிறுத்தியபோது காலை பத்து மணி. 2006, மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை. நாலு அறை, அகலமான கூடம், கிழக்கே பெரிய யன்னல் வைத்த குசினி.

வீடு விற்கும் முகவர் மகாதேவன் மலேசியத் தமிழர். மல்கிரேவ் அலுவலகத்தில் சாவியைக் கொடுக்கும்போதே, "ஆள் இல்லாத வீடு, சிறி. ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்கு. ஒரு தொந்தரவும் இல்ல லா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒரு தடவை சொல்லியிருந்தால் சிறிதரன் நம்பியிருப்பான். சுன்னாகம் சந்தை வெங்காயத் தரகரின் மகன் அவன். கேட்காமலே சாமானைப் புகழ்கிற வியாபாரியைக் கண்டால் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்கிற பரம்பரை.

வீடுகளைக் கணினியில் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். அறையின் நடுவில் முக்காலி, அதன் மேல் கமரா. ஒரு படம் எடுத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்த படம். பன்னிரண்டு திருப்பில் வட்டம் முடியும். பன்னிரண்டையும் கணினியில் ஒட்டினால், வாங்க நினைப்பவர் தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே அறை முழுவதையும் சுழற்றிப் பார்க்கலாம். படம் பிடிப்பவன் கமராவின் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றவேண்டும். இல்லாவிட்டால் தன் படத்தில் தானே விழுவான்.

கோழிக்கூட்டைக் கல்யாண மண்டபமாகக் காட்டுவதில் அவன் விண்ணன். இன்றைக்கு மட்டும் மண்டபத்தைக் கோழிக்கூடாக்க வந்திருந்தான்.

காரணம் இருந்தது. வாடகை வீட்டுக்காரன் வீட்டை விற்கப்போவதாகக் கடிதம் போட்டிருந்தான். இரண்டு மாதத்தில் வெளியேற வேண்டும். ஆறு வருடத்தில் இது நாலாவது வீடு. "இனியொருக்கா சாமான் கட்டச் சொன்னியளெண்டால் என்னையும் பெட்டிக்குள்ள வைச்சு ஒட்டிவிடுங்கோ" என்று மனைவி கமலினி சொல்லியிருந்தாள். இந்த வீடு அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. போட்டிக்கு ஆள் வராதவரைக்கும்தான். படம் இருட்டாக இருந்தால் யார் வரப்போகிறார்கள்?

திரைச்சீலைகளை இழுத்து மூடினான். ஆள் இல்லாத இடத்தில் வாயாடுவது அவன் பழக்கம்.

"கொஞ்ச நாளைக்கு வடிவில்லாமல் இரு. பிறகு நாங்கள் வந்து வடிவாக்கிறம்," என்று சுவரைத் தட்டினான்.

அறைக் கம்பளங்களில் ஈர வாடை. அதற்கும் அடியில் இன்னொரு மணம். வெங்காயம் எண்ணெயில் வதங்குகிற மணம். அந்த மணத்தில் அவனை ஏமாற்ற முடியாது. குசினிக்குப் போய் அடுப்பைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. காஸ் குழாய் துண்டிக்கப்பட்டிருந்தது.

'எவனோ களவாய் வந்து தங்கிறான்' என்று நினைத்தான். அடுத்த கணமே, 'மகாதேவனே ஆள் வைச்சிருப்பார்' என்றும் நினைத்தான்.

கூடத்தில் வேலையைத் தொடங்கினான். கமராவைத் திருப்பி, ஒரு அடி நகர்ந்து, படம் எடுத்தான். பலகைத் தரை அவன் காலடியில் முனகியது.

பிறகு, அவனுக்குப் பின்னால் இன்னொரு முறை முனகியது.

திரும்பினான். யாரும் இல்லை.

மறுபடி ஒரு அடி வைத்தான்.

மறுபடி, ஒரு அடி பிந்தி, அதே முனகல்.

பழைய மரம் அப்படித்தான் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லி, நாலு அறையையும் முடித்து, கடைசியாகக் குசினியையும் எடுத்தான். முக்காலியை மடித்துத் தோளில் போட்டான். மனதுக்குள் அது ஏற்கெனவே அவன் வீடு. வாசல் கதவை இழுக்கும்போது, சொந்த வீட்டில் சொல்வதுபோல, வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"அப்ப, போட்டு வாறன்."

"ஓம்," என்றது உள்ளே ஒரு பெண்குரல். "கெதியா வாங்கோ."

கதவைப் பிடித்தபடியே நின்றான். பிறகு பயத்தை விடச் சந்தேகம் பெரிதாக வந்தது. உள்ளே போய் அலுமாரிகளைத் திறந்தான். குளியலறைத் திரையை விலக்கினான். பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே வந்து பூட்டி, காருக்குள் இருந்து முக்கால் மணிநேரம் வாசலைப் பார்த்தான்.

ஒருவரும் வெளியே வரவில்லை.

மத்தியானம் வீட்டில் படங்களை ஒட்ட உட்கார்ந்தான். படம் எடுக்கும்போது யாராவது நடந்தால், ஒட்டிய இடத்தில் அரைக் கையும் கால் முகமுமாக ஒரு உருவம் விழும். தொழிலில் அதற்குப் பெயரே 'பேய்'. தினமும் நாலைந்து பேயை அழிப்பவன் அவன்.

கூடத்துப் படத்தில் ஒரு பேய் இருந்தது. விளிம்பில் ஒரு தோள். தன்னுடையது என்று நினைத்தான். ஆனால் அவன் போயிருந்தது நீலச் சட்டையோடு. இது மண்ணிறக் கம்பளிச் சட்டை.

முதல் அறையில் தோளும் கழுத்தும். அடுத்ததில் பின்னலும் காதும். அவன் கமராவுக்குப் பின்னால் சுற்றியபோது, யாரோ அவனுக்குப் பின்னால் சுற்றியிருக்கிறார்கள். ஒரு அடி பிந்தி.

குசினியின் பன்னிரண்டு படங்களையும் திறந்தான்.

யன்னலைப் பார்த்த படத்தில் அவள் நின்றாள்.

கதவைப் பார்த்த படத்திலும் நின்றாள்.

பன்னிரண்டு திசையிலும், ஒரே தூரத்தில், கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு.

மகாதேவனுக்குத் தொலைபேசி எடுத்தான். "அந்த வீட்டில முந்தி ஆர் இருந்தது?"

"ஒரு கிரேக்கத் தாத்தா. ஏன்?"

"தமிழ் ஆக்கள்?"

"அந்தத் தெருவுலயே நம்ம ஆளு கிடையாது லா. என்னா சிறி, விலைய குறைக்க ஏதாச்சும் கதை கட்டுறீங்களா? எனக்கும் காது இருக்கு."

குசினிப் படங்களை அழித்தான். மற்றவற்றில் தோளையும் பின்னலையும் துடைத்து அனுப்பிவிட்டு, கமலினியிடம் வீடு சரிவராது என்றான்.

"ஏன்?"

"ஈரம். சுவர் எல்லாம் ஊறிப் போய்க் கிடக்கு."

"நேற்று வரைக்கும் தங்கமான வீடு. இண்டைக்கு ஈரமோ?" கமலினி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆருக்கு வாங்கிக் குடுக்கப் பாக்கிறியள்?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை அவனுக்குக் கிரெய்கிபர்னில் மூன்று வீடு. நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது கமலினி கூடத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு நீளக் கடதாசிக் கட்டு.

"நான் போய்ப் பாத்திட்டன். ஒரு ஈரமும் இல்லை. என்னைத் தவிர ஒருத்தரும் பாக்க வரேல்லை. கையெழுத்தும் வைச்சாச்சு!"

"ஆரைக் கேட்டு வைச்சனீர்?"

"உங்கட கள்ளமெல்லாம் தெரியும். வேணுமெண்டுதானே படத்தை இருட்டா எடுத்தனீங்கள்? அன்ரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ."

"எந்த அன்ரி?"

"அந்த வீட்டு அன்ரி. மகாதேவன் வாசலில ஃபோனும் கையுமா நிண்டவர். உள்ளுக்கு அவதான் எல்லாம் காட்டினவ. என்ன வடிவாக் காட்டினவ தெரியுமே! ஒவ்வொரு அறைக்கும் நடுவில போய் நிண்டு, கொஞ்சம் திரும்பி, ஒருக்கா நிப்பாட்டி, பிறகு கொஞ்சம் திரும்பி..."

சிறிதரன் தோளில் கிடந்த முக்காலியை இறக்கிச் சுவரில் சாத்தினான்.

"அவ கதைக்கிறதும் அச்சொட்டா உங்களைப் போலதான். சுன்னாகமோ எண்டு கேட்டன். இல்லையாம். இந்தப் பேச்சை அண்மையிலதானாம் பழகினவ."

"கமலினி," என்றான் மெல்ல. "அவ இப்ப எங்க?"

"தனிய நிக்கிறா, பாவம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு நான்தான் காரில கூட்டிக்கொண்டு வந்தனான். குசினியில இருக்கிறா. வாங்கோ."

அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் போனான்.

குசினியில் சாயந்தர வெளிச்சம் நிறைந்திருந்தது. மேசையில் மூன்று கோப்பையில் ஆவி பறந்தது. ஒன்றில் பாதி குடித்திருந்தது. மேசையைச் சுற்றி நாலு கதிரை, நாலும் வெறுமை.

"ஏன் அன்ரிக்கு முன்னால முழிசிக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் கமலினி. "இருங்கோவன்."

கிட்ட இருந்த கதிரையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

கமலினி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஐயோ, அதில அவ இருக்கிறா. மற்றதை எடுங்கோ."